பலகை போன வீடுகள்

பலகையின் கால் மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஆல்டன் ஸ்டீவ்ஸ் வீட்டு அங்கியும் கம்பளிச் செருப்புமாகத் தன் வீட்டு முன் புல்வெளியில் குந்தியிருந்தார். அக்டோபர் விடியல். புல்லெல்லாம் உறைபனி. எதிரே பலகைப் படத்தில் பெர்னிஸ் லெஜேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும். மூன்றாவது இழுப்பில் பலகை ஒரு கூடை மண்ணோடு பெயர்ந்து வந்தது. ஆல்டன் மல்லாந்து விழுந்தார். நெஞ்சின்மேல் பெர்னிஸ்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் ஆல்டன், பலகையிடம்.

அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் தன் வீட்டுத் தேர்தல் பலகையைத் தானே திருட வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு படகுக் கொட்டகை.

தலைநகர் ஒட்டாவாவில் பொதுப்பணி அமைச்சர் ஒருவர். ஏரிக்கரையில் அவருக்கு ஒரு விடுமுறை வீடு. அங்கே படகு நிறுத்தக் கொட்டகை. அந்தக் கொட்டகைத் தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடேற்றியிருந்தார்கள். இலவசமாகக் கட்டிக்கொடுத்தவர், நாட்டின் படகுத்துறைகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர். செப்டம்பரில் குட்டு உடைந்தது. "எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் என் உதவியாளர் செய்தது" என்றார் அமைச்சர். "அமைச்சருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது" என்றார் பிரதமர். விசாரணையைத் தினமும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்கு நடுவே தேர்தலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஹார்வுட் துறை மீன்பிடி ஊர். ஊர்ப் படகுத்துறையில் ஆறு வருஷமாக ஓட்டை. சிங்கிறால் பிடிக்கப் போகிறவர்கள் தாண்டித் தாண்டித்தான் படகுக்குப் போகவேண்டும். அந்த ஊரில் வந்து, அமைச்சருடைய படகுக்கு அடி குளிரக்கூடாதென்று தரையில் சூடு வைத்தார்கள் என்றால் எப்படி இருக்கும்!

ஆளுங்கட்சிக்கு நேர்ந்த எல்லா வெட்கத்தையும் ஊர் ஆல்டன் தலையில்தான் இறக்கியது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கட்சியின் பலகை அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. பனியில் கல் தள்ளி ஆடும் கர்லிங் தளத்துக்கு அவர் போனாலே போதும்.

"வாப்பா ஆல்டன், கால் சூடா இருக்கா?"

"அவர் வீட்டுப் புல்லுக்குக் கீழயும் குழாய் ஓடுதாம்யா. இந்த வருஷம் அவருக்குப் பனி தள்ற வேலையே இல்ல!"

ஆல்டன் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்து மூடுவார். காது மட்டும் சிவந்துபோகும்.

சரி, பலகையை எடுத்துவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். பலகையில் சிரிப்பது அமைச்சர் இல்லை, இந்தத் தொகுதி வேட்பாளர் பெர்னிஸ். பள்ளிக்கூட டீச்சராக இருந்து எம்.பி. ஆனவர். ஊர் அஞ்சலகத்தை மூடப் பார்த்தபோது ஒட்டாவா போய் மேசையைத் தட்டிக் காப்பாற்றியவர். ஆல்டன் முப்பது வருஷம் தபால் கொடுத்து, மரியாதையாக ஓய்வுபெற்றார் என்றால் அது பெர்னிஸால். போதாததற்கு ஆல்டனின் மனைவி வெர்னா, பெர்னிஸின் தேர்தல் அலுவலகத்தில் தொலைபேசிப் பொறுப்பாளர்.

பலகை நின்றால் ஊருக்கு முன்னால் வெட்கம். எடுத்தால் பெர்னிஸுக்கு முன்னால் வெட்கம். ஆகவே யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து, கார் கொட்டகையில் பனிக்கால டயர்களுக்குப் பின்னால் சொருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு காலை உணவுக்கு உட்கார்ந்தார்.

வெர்னா திரைச்சீலையை விலக்கினாள்.

"ஆல்டன், நம்ம பலகை எங்க?"

காற்றடித்துப் போயிருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தார். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"எவனாவது பிடுங்கிட்டுப் போயிருப்பான்" என்றது வாய்.

வெர்னா தொலைபேசியை எடுத்தாள். மதியத்துக்குள் இரண்டு தொண்டர்கள் வந்து, ஆறடிக்கு நாலடியில், இரண்டு மரக்கால் போட்ட புதுப் பலகையைச் சம்மட்டியால் அறைந்து நட்டுவிட்டுப் போனார்கள். பெர்னிஸின் ஒவ்வொரு பல்லும் ஒரு செங்கல் அளவு. போதாக்குறைக்கு வெர்னா தோட்டத்து விளக்குகள் இரண்டைப் பிடுங்கிவந்து பலகைக்குக் கீழே வைத்தாள்.

"இனி இருட்டினாலும் தெரியும். எந்தப் பயல் எடுக்கிறான்னு பார்க்கலாம்" என்றாள்.

இருட்டினாலும் தெரிந்தது. எதிரே இருந்த காபிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒலிப்பானை அடித்துவிட்டுப் போனார்கள். ஒருவன் கார்க் கண்ணாடியை இறக்கி, "ஆல்டன், விளக்குக்கும் ஒப்பந்தக்காரர்தான் செலவா?" என்று கேட்டான்.

வெர்னாவுக்கும் மனசு நன்றாக இல்லை. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து சோபாவில் விழுந்தாள்.

"இருநூறு பேருக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷமா 'பெர்னிஸுக்குத்தான்'னு சொன்ன ஆளுங்க. இன்னிக்கு ஒருத்தர் அடுப்புல சூப்பு பொங்குதுன்னு வைக்கிறார், ஒருத்தர் நாய் குரைக்குதுன்னு வைக்கிறார். நாயே இல்லாதவர்! ஓப்பலைத் தெரியும்ல, அவ மட்டும்தான் நெஜத்தைச் சொன்னா. 'பெர்னிஸ் தங்கம்தான். ஆனா பெர்னிஸுக்குப் போடுற ஓட்டு அந்தப் படகுக் கொட்டகைக்குத்தானே போகும்? நான் வீட்லயே இருந்துக்கறேன்'னா. கருத்துக்கணிப்புல பதினாலு புள்ளி பின்னாடி இருக்கோம் ஆல்டன்."

ஆல்டன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்ட பிறகாவது பெரிய பலகையை விட்டுவைத்திருக்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வியாழக்கிழமை வெர்னா மாங்க்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கினாள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஆல்டனின் கையில் கடப்பாரை இருந்தது.

பெயர்த்தது பெரிதில்லை. எங்கே வைப்பது? டயர்களுக்குப் பின்னால் நுழையவில்லை. நிலவறைப் படிக்கட்டில் திரும்பவில்லை. கார் கொட்டகைச் சுவரில் சாய்த்தால் கதவைத் திறந்ததும் பெர்னிஸ் வரவேற்பார். வீடு முழுக்கச் சுமந்து திரிந்து, கடைசியில் படுக்கையறைக்குக் கொண்டுபோய், மெத்தையைத் தூக்கி, மரக்காலைக் கழற்றிய பலகையைக் கட்டிலின்மேல் போட்டார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பெர்னிஸின் முகம் கீழே பார்க்கும்படி வைத்தார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

மதியம் வந்திறங்கிய வெர்னா, வாசலில் இரண்டு குழிகளைப் பார்த்தாள். கட்சி அலுவலகத்துக்கு இல்லை, இந்த முறை நேராகப் போலீசுக்கே கூப்பிட்டாள்.

கான்ஸ்டபிள் நொயெலா அர்செனோ முப்பது வயதுப் பெண். எதையும் இரண்டு முறை கேட்டு ஒரு முறை எழுதுகிறவள். சமையலறை மேசையில் நோட்டைத் திறந்தாள்.

"சார், சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் சந்தேகம் வருமோ என்று ஆல்டனுக்குத் தோன்றியது.

"ஒரு வேன் போன மாதிரி..."

"என்ன நிறம் சார்?"

ஜன்னலுக்கு வெளியே உறைபனி தெரிந்தது.

"வெள்ளையா இருக்கும்."

"வெள்ளை வேனா?" என்று வெர்னா எழுந்தே விட்டாள். "விடியக்காலையில இந்த ஊர்ல வெள்ளை வேன் ஓட்டுறது யாரு? ஹெக்டர்! எதிர்க்கட்சிக்குப் பலகை நடுறதும் அவன்தானே!"

ஹெக்டர் ஓப்ளனிஸ் ஊருக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறவர். கர்லிங்கில் முப்பது வருஷமாக ஆல்டனின் ஜோடி. கட்சி வேறு, அதற்காக ஒருநாளும் சண்டை வந்ததில்லை. விடிகாலையில் அவர் வேன் எல்லாத் தெருவிலும் போகும். ரொட்டி போடத்தான்.

"பழுப்பாக்கூட இருக்கலாம்" என்றார் ஆல்டன். "நீலம்கூட..."

"சார், வெள்ளைன்னு எழுதிட்டேன்" என்றாள் நொயெலா.

சனிக்கிழமை காலை வானொலியில் ஆல்டனின் பெயர் வந்தது. 'முதியவர் வீட்டில் இரண்டு முறை பலகைத் திருட்டு.' அதற்குப் பிறகு நடந்ததை ஆல்டனால் நம்பவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு வீட்டில் பலகை காணோம். திங்கட்கிழமை பத்தொன்பது. செவ்வாய்க்கிழமைக்குள் போலீசில் நாற்பத்தொரு புகார். ஊருக்குள் நிஜமாகவே ஒரு திருடன் வந்துவிட்டான் போலும்! எல்லா வீட்டிலும் விடிகாலையில் வெள்ளை வேன் சத்தம் கேட்டிருந்தது. ஒரு அம்மாள் மாடியிலிருந்து ஓட்டுநரின் தொப்பியைக்கூடப் பார்த்திருந்தாள்.

காபிக் கடையில் காற்று திசைமாறியது. படகுக் கொட்டகையை ஒருவரும் பேசவில்லை.

"ஊழல் கட்சிதான், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு டீச்சரம்மா மூஞ்சியை வேரோட பிடுங்குறதா?"

"நான் இந்தத் தடவை ஓட்டே வேண்டாம்னு இருந்தேன். இப்பப் போட்டே ஆகணும்."

"ஓட்டை ஓட்டால ஜெயிக்கணும். பலகையத் தூக்கிட்டா ஜெயிப்பாங்க?"

வெர்னாவின் தொலைபேசியில் சூப்பு பொங்குவது நின்றது, நாய் குரைப்பது நின்றது. "பதினாலு புள்ளி இப்ப ரெண்டு புள்ளி!" என்று அவள் சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள். "ஒரு மாசமா அந்த அமைச்சர் செஞ்ச நாசத்தை ஒரு திருட்டுப் பய நாலு நாள்ல சரி பண்ணிட்டான். ஆமா, மெத்தை ஏன் இவ்வளவு கெட்டியா ஆயிடுச்சு?"

"முதுகுக்கு நல்லதுன்னு ஒரு பலகை போட்டேன்" என்றார் ஆல்டன். பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

"நல்லாத்தான் இருக்கு. என் இடுப்பு வலியே போயிடுச்சு."

அன்று சாயங்காலம் ஹெக்டரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். வேனுக்குள் ரொட்டித் தட்டுகளும் மாவுத் தூசியும்தான் இருந்தன. அது போதாது ஊருக்கு. "எங்க ஒளிச்சு வச்சிருக்கானோ!" என்றார்கள்.

ஆல்டனுக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் அமைச்சர் உதவியாளரைக் கைகாட்டியபோது, "இவனெல்லாம் ஒரு மனுஷனா!" என்று கத்தியது ஞாபகம் வந்தது. அந்தக் கத்தலை நினைக்க நினைக்கக் காது சுட்டது.

ஒரு வழி தோன்றியது. சின்னப் பலகையைத் திருப்பி நட்டுவிட்டால்? திருட்டுப் போன பொருள் தானே வந்துவிட்டது என்று பேச்சு ஓய்ந்துபோகும். புதன்கிழமை விடிகாலையில் டயர்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே நட்டார். மண்ணைக்கூட மிதித்துச் சமன்படுத்தினார்.

வெர்னா பார்த்ததும் வாசலிலிருந்தே கூவினாள்.

"பார்த்தியா! நேத்து சாயங்காலம் போலீஸ் பிடிச்சு உலுக்குச்சு, இன்னிக்குக் காலையில பலகை திரும்பி வந்திருக்கு! பயந்துட்டான்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பத்து மணிக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. பதினோரு மணிக்கு மாதா கோயில் பெண்கள் கூடி, சனிக்கிழமை கோயில் கூடத்தில் நடக்கும் தேர்தல் விருந்துக்கு ஹெக்டரின் ரொட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வேகவைத்த பீன்ஸும் ஹெக்டரின் கறுப்பு ரொட்டியும் இல்லாமல் அந்தக் கூடத்தில் விருந்தே நடந்ததில்லை. வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சிலர் நிறுத்துவதாகச் சொல்லக்கூட வெட்கப்பட்டு, "டாக்டர் ரொட்டி கூடாதுன்னுட்டார்" என்றார்கள். ஒரே வாரத்தில் ஊரில் இத்தனை பேருக்கு ஒரே நோய்.

வியாழக்கிழமை ஆல்டன் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது வெள்ளை வேன் வந்து பக்கத்தில் நின்றது. ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஓடுகிற வயசில்லை.

ஹெக்டர் ஜன்னல் வழியே ஒரு ரொட்டியை நீட்டினார். இன்னும் சூடு இருந்தது.

"நீயாவது வாங்கிக்க. வேன் நிறைய மிச்சம். கடற்காக்காவுக்குத்தான் போட்டுட்டு வர்றேன், அதுங்களே சலிச்சுப்போச்சு."

"ஹெக்டர், நான்..."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். வெள்ளை வேன்னு கேட்டதைத்தானே சொன்னே. என் வேன்தான் போயிருக்கும், ரொட்டி போட. உன்மேல எனக்கு வருத்தமில்லப்பா." வேனின் எஞ்சினை நிறுத்தினார். "மத்தவங்கதான்... என் பொண்டாட்டி கடைக்குப் போறதை நிறுத்திட்டா. நாப்பது வருஷமா இவங்களுக்கு விடியறதுக்குள்ள ரொட்டி போட்டிருக்கேன். ஒருத்தர்கூட என்னை நேராக் கேக்கல, ஆல்டன். கேட்டிருந்தா இல்லைன்னாவது சொல்லியிருப்பேன்."

வேன் போய்விட்டது. ஆல்டன் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சூடு ஆறும்வரை நின்றார். வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை.

இனி சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவர் உள்ளே போனபோது, சமையலறையில் பெர்னிஸே உட்கார்ந்திருந்தார். பலகையில் இருந்த மாதிரி இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். வெர்னா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆல்டன். உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன்" என்றார். "சனிக்கிழமை விருந்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். திங்கட்கிழமை வாக்குப்பதிவு. கட்சியில இருந்து ஆலோசகர் சொல்றார், பலகை போன வீட்டுக்காரங்க எல்லாரையும் முன்வரிசையில உட்கார வைக்கணுமாம். முதல்ல பறிகொடுத்தவர் நீங்கதானே."

"எனக்குப் பேச வராது, பெர்னிஸ்."

"எனக்கும்தான் இப்பல்லாம் வரமாட்டேங்குது." பெர்னிஸ் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "கதவைத் தட்டினா, 'அந்தக் கொட்டகையப் பத்தி என்ன சொல்றீங்க'ன்னு கேக்கறாங்க. ஒட்டாவால எழுதிக் கொடுத்த பதிலைச் சொல்றேன். சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கே கூசுது. இந்தத் திருட்டு வந்தப்புறம் அந்தக் கேள்வியே யாரும் கேக்கல. சொல்லக்கூடாதுதான், ஆனா ரெண்டு நாளா நிம்மதியாத் தூங்கினேன்."

இதைக் கேட்ட பிறகு ஆல்டன் எதைச் சொல்வார்? "சரி, பேசறேன்" என்றார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மாதா கோயில் கூடம் நிறைந்துவிட்டது. நீள மேசைகள், காகித விரிப்புகள், பெரிய மண்பானைகளில் பீன்ஸ். பெர்னிஸின் கணவர் யூக்ளிட் மேலங்கி கட்டிக்கொண்டு அகப்பையால் பரிமாறிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டிராத மனிதர். முன்னால் மூன்று மேசைகளில் பலகை போன வீட்டுக்காரர்கள். ஒவ்வொரு தட்டிலும் கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு. யாரும் அதைத் தொடவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஹெக்டர் வந்தார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கையில் துணியில் சுற்றிய தன் ரொட்டியோடு வந்தார். அவர் கடைசி மேசையில் உட்கார்ந்தார். அந்த மேசையில் இருந்தவர்கள் திடீரென்று தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்கள். ஹெக்டர் தன் ரொட்டியைத் தானே அறுத்துத் தின்ன ஆரம்பித்தார். எதையும் பார்க்கவில்லை, ரொட்டியை மட்டும் பார்த்தார்.

"இப்போ நம்ம ஆல்டன் ஸ்டீவ்ஸ்!" என்று யாரோ ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டல்.

ஆல்டன் மேடையேறினார். வெர்னா எழுதிக்கொடுத்த காகிதம் கையில் இருந்தது. அதைப் பிரித்தார், மடித்தார்.

"என் பலகைய யாரும் திருடல" என்றார். "நான்தான் பிடுங்கினேன்."

கைதட்டப் போனவர் ஒருவர் கையைப் பாதியில் நிறுத்தினார்.

"ரெண்டு தடவையும் நான்தான். வெள்ளை வேன் எதுவும் வரல. கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம வாயில வந்ததைச் சொன்னேன். படகுக் கொட்டகை, அது இதுன்னு எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு வெட்கமா இருந்துச்சு. எனக்கு நல்லது செஞ்ச பெர்னிஸ்கிட்ட நேராப் போய், 'உங்க கட்சி பண்ணினது எனக்குப் பிடிக்கல, பலகைய எடுத்துக்குங்க'ன்னு சொல்லத் தைரியமில்ல. திருட்டுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. தப்பை ஹெக்டர் தலையில போட்டது இன்னும் சுலபமா இருந்துச்சு. அந்த அமைச்சர் செஞ்சதும் இதுதான். அவருக்காவது ஒரு கொட்டகை கிடைச்சுது."

"ரெண்டாவது பலகை எங்க ஆல்டன்?" என்று வெர்னா கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மெத்தை!"

ஆல்டன் தலையைக் குனிந்தார். யாராவது ஒரு தட்டை எடுத்து வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். முன்மேசைகளில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தட்டில் இருந்த பீன்ஸை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஓப்பல் கிழவி மெல்ல எழுந்தாள்.

"என்னோடது குளியல் தொட்டியில கிடக்கு" என்றாள். "அஞ்சு நாளா நான் குளிக்கல."

பக்கத்திலிருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தானும் எழுந்தார். "உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில" என்றார்.

"கோழிக் கூண்டுக்கு மேல. மழை ஒழுகுச்சு, அதான்..."

பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். "கோயில் ஆர்கனுக்குள்ள. போன ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு நடுவுல ஒரு மாதிரி முனகுச்சே, அது அதுதான்."

"ஒண்ணைத்தான் நான் எடுத்தேன், இன்னொண்ணு திருடன் எடுத்ததுன்னு நினைச்சேன்" என்றாள் ஒருத்தி. "நானும் அப்படித்தானே நினைச்சேன்!" என்றார் வீட்டுக்காரர். அவர்களுடையது இரண்டு பலகை. இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்திருந்தார்கள். மாடியிலிருந்து தொப்பியைப் பார்த்த அம்மாளும் எழுந்து நின்றாள். அழுதாள்.

ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி மேசையில் ஹெக்டர் வாயில் ரொட்டியோடு, மெல்வதை மறந்து உட்கார்ந்திருந்தார். ஓப்பல்தான் முதலில் அவரிடம் போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு துண்டு வெட்டு, ஹெக்டர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் வெட்டினார். அப்புறம் அந்த மேசையில் இடமில்லாமல் போயிற்று.

சுவரோரம் நின்றிருந்த கான்ஸ்டபிள் நொயெலா நோட்டைத் திறந்து பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"நாப்பது" என்றாள். மறுபடி பார்த்தாள். "புகார் நாப்பத்தொண்ணு."

கூடத்தில் ஓர் அசைவு. குனிந்திருந்த தலைகள் மெல்ல நிமிர்ந்தன.

"அப்ப ஒண்ணு நெஜமாவே திருட்டுதானா?" என்று ஒருவர் கேட்டார். குரலில் கவலையைவிட ஆசைதான் அதிகம். ஒரே ஒரு நிஜத் திருட்டு இருந்தால் போதும், நாற்பது பேரும் கொஞ்சம் நேராக உட்காரலாம். சில கண்கள் ஹெக்டரின் பக்கம் திரும்பக்கூடச் செய்தன. ரொட்டி வெட்டிய கத்தி நின்றது.

நொயெலா தாளைப் புரட்டினாள்.

"பதினேழாவது புகார். கோயில் தெரு, எட்டாம் நம்பர்."

அது பெர்னிஸின் வீடு. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

எல்லாரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். பெர்னிஸ் தன் தட்டிலிருந்த வெள்ளை ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் பானையருகே யூக்ளிட் அகப்பையைக் கீழே வைத்தார். மேலங்கியில் இரண்டு கையையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு" என்றார். "வச்சது நான் இல்ல."